சிவப்புக் கோடும் மூன்று அடியும்

காவல் நிலையப் பொறுப்பதிகாரி அவர்களுக்கு நானே எழுதித் தருவது.

வயது அறுபத்திரண்டு. கணவர் காலமாகிப் பதினாறு வருடம். பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக் கூடத்தில் முப்பத்தொரு வருட வேலை, அதில் கடைசிப் பதினோரு வருடம் மேற்பார்வை. பெயரும் வீட்டு எண்ணும் இத்துடன் உள்ள அடையாள அட்டை நகலில் இருக்கின்றன. சலவைக் கூடத்தில் போய்ச் சொட்டுநீலம் என்று என் பட்டப்பெயரைச் சொல்லிக் கேட்டால் யாரும் காட்டுவார்கள். படிப்பு ஐந்தாம் வகுப்பு. ஐந்தாம் வகுப்பில் கையெழுத்துக்கு முதல் பரிசு வாங்கியவள் என்பதையும் எழுதிவிடுகிறேன், ஏனென்றால் இதை வேறு யாரும் எழுதித் தரவில்லை. இடது மணிக்கட்டில் மாவுக்கட்டு இருப்பதால் அந்தக் கையைத் தாளின் மேல் பாரமாக வைத்துக்கொண்டு வலது கையால் எழுதுகிறேன்.

இது என் இரண்டாவது வாக்குமூலம். முதலாவதைச் சம்பவம் நடந்த அன்று சாயங்காலம் ஆஸ்பத்திரி நடைபாதையில் வைத்து என் மகன் சொல்லச் சொல்லக் காவலர் ஒருவர் எழுதினார். நான் வாசிக்காமல் கையெழுத்துப் போட்டேன். அழுக்குத் துணி ரசீதைக்கூட வாசிக்காமல் கையெழுத்துப் போடாதவள், அதைப் போட்டேன். மருமகள் குழந்தையை வாளித் தண்ணீரில் அமுக்கிக் கொல்லப் பார்த்தாள், தடுக்கப் போன என்னைக் கட்டையால் அடித்தாள், பிறகு வழுக்கி விழுந்து தலையை உடைத்துக்கொண்டாள் என்று அதில் இருக்கிறது. அதை நம்பித்தான் அவள் வலது காலைக் கட்டிலோடு சேர்த்து விலங்கு போட்டிருக்கிறீர்கள். அதைக் காட்டித்தான் குழந்தையைத் தாயிடம் கொடுக்கக் கூடாது என்று என் மகன் மனுப் போட்டிருக்கிறான். அந்த மூன்றில் என்னை அடித்தது ஒன்றுதான் உண்மை. மற்றது எப்படி நடந்தது என்பதை ஆரம்பத்திலிருந்து வரிசையாக எழுதுகிறேன்.

என் மருமகளுக்கு வயது இருபத்தேழு. வாடகைக் கார் கம்பெனியில் தொலைபேசி எடுக்கும் வேலை. காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு ஒரு நாளைக்கு இருநூறு பேரோடு பேசுவாள், ஒருவரிடமும் குரல் உயராது. வீட்டிலும் அந்தக் குரலை வைத்தே என்னை வம்புக்கு இழுப்பாள். நான் அடுப்படியிலிருந்து கத்திக் கூப்பிட்டால், "உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியம் அத்தை, தயவுசெய்து வரிசையில் காத்திருங்கள்" என்பாள். நான் கரண்டியை ஓங்குவேன், அவள் சிரிப்பாள். என் மகன் ஆஸ்பத்திரியில் லிப்ட் பழுது பார்ப்பவன். வீடு முன்னறை, அடுப்படி, உள்ளறை, உள்ளறையோடு சேர்ந்த குளியலறை, இவ்வளவுதான்.

அவள் பிள்ளை உண்டாகி ஏழு மாதம் ஆனபோது நோய் பரவி எல்லாவற்றையும் மூடினார்கள். அவளுடைய அம்மா ஐந்து மணி நேரப் பயணத் தூரத்தில் இருக்கிறார், வர வழியில்லை. மகனுக்கும் எனக்கும் மட்டும் வேலை நிற்கவில்லை, இரண்டு பேருக்கும் ஆஸ்பத்திரியில் வேலை. சலவைக் கூடத்துக்கு நோயாளி விரிப்புகள் மஞ்சள் பையில் வரும். முதல் வாரம் நாற்பது பை வந்தது, ஆறாவது வாரம் முந்நூறு பை. சில விரிப்பைப் பிரித்தால் ஆள் படுத்திருந்த வடிவம் அப்படியே தெரியும். என்னோடு இருபது வருடம் இயந்திரம் ஓட்டிய கூட்டாளி ஒரு திங்கட்கிழமை இருமினார், அடுத்த திங்கட்கிழமை அவருடைய விரிப்பே மஞ்சள் பையில் வந்தது. பையின் மேல் எழுதியிருந்த படுக்கை எண்ணைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். அதை நானே ஊறப்போட்டேன். நான் பயந்தது சும்மா இல்லை என்பதற்காக இதை எழுதுகிறேன்.

சலவைக் கூடத்தில் தரையில் ஒரு சிவப்புக் கோடு உண்டு. கோட்டுக்கு இந்தப் பக்கம் அழுக்குப் பக்கம், அந்தப் பக்கம் சுத்தப் பக்கம். அழுக்குப் பக்கத்து ஆள் கோட்டைத் தாண்டக் கூடாது. தாண்டினால் சுத்தப் பக்கத்தில் உள்ள அத்தனையையும் மறுபடி நனைக்க வேண்டும். அழுக்குப் பக்கத்திலிருந்து வருவது எதுவானாலும் ஒரு குவளை ப்ளீச்சுக்கு ஒன்பது குவளை தண்ணீர் கலந்து அரை மணி நேரம் ஊற வேண்டும். பதினோரு வருடத்தில் என் கூடத்தில் இந்த விதி ஒரு நாளும் தவறியதில்லை.

அவள் பிரசவத்துக்குப் போன அன்று வாசல் கேட்டுக்கு வாங்கி மீந்திருந்த சிவப்புப் பெயிண்டால் உள்ளறை வாசலில் அதே கோட்டைப் போட்டேன். அவளோடு உள்ளே இருக்க ஒருவரையும் ஆஸ்பத்திரியில் விடவில்லை. முப்பது மணி நேரம் வலியில் தனியாகக் கிடந்து பெற்றாள். பெண் குழந்தை, மூன்று கிலோ இருநூறு கிராம், என் மூக்கு. மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்தார்கள். அவள் உடுத்தியிருந்தது, பை, செருப்பு, குழந்தையைச் சுற்றிய துணி எல்லாவற்றையும் வாசலிலேயே ஊறப்போட்டேன். ஆஸ்பத்திரிச் சீட்டைக்கூட முக்கி எடுத்ததில் மை கரைந்து போனது. அதன் பிறகு தாயையும் பிள்ளையையும் கோட்டுக்கு அந்தப் பக்கம் விட்டேன். சாப்பாட்டைக் கோட்டின் மேல் ஒரு ஸ்டூலில் வைத்துவிட்டு நான் நான்கு எட்டு பின்னால் போன பிறகு அவள் வந்து எடுப்பாள். குழந்தையை நானும் தூக்கவில்லை, மகனும் தூக்கவில்லை. மருமகளை ஒருவரும் தொடவில்லை. அவள் பக்கத்துக்கு ஒரு வாளி, ஒரு குவளை, துணி கிளறும் கட்டை ஒன்று கொடுத்து, கலக்கும் அளவைச் சொல்லிக்கொடுத்தேன். கெட்டிக்காரி, ஒரு தடவையில் பிடித்துக்கொண்டாள்.

ஒன்பதாம் நாள் அவளுடைய போனை நான் சொன்னபடி துடைக்கும்போது அது வாளிக்குள் விழுந்து செத்துப்போனது. கடைகள் மூடியிருந்தன. அதன் பிறகு அவள் தன் அம்மாவைப் பார்ப்பதென்றால் நான் கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்று என் போனைத் தூக்கிப் பிடிப்பேன், அவள் அந்தப் பக்கம் நின்று பார்ப்பாள். சம்பந்தி ஒவ்வொரு தடவையும், "அவ தூங்குறாளா சம்பந்தி? மொகம் என்னவோ போல இருக்கே" என்று கேட்பார். நான், "உங்க பொண்ணு ராணி மாதிரி இருக்கா, ஒரு வேலை வெக்கிறதில்ல" என்பேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டு நிற்பாள்.

பிள்ளை பெற்றவர்களைக் கவனிக்கும் நர்ஸம்மா வாரம் ஒரு முறை என் போனுக்குத்தான் கூப்பிடுவார். போன் கோட்டைத் தாண்டக் கூடாது என்பதால் நானே பேசுவேன். அவரிடம் பத்துக் கேள்வி இருக்கும். தூக்கம் வருகிறதா, காரணமில்லாமல் அழுகிறாளா, பயப்படுகிறாளா, தனக்கோ குழந்தைக்கோ ஏதாவது செய்துவிடலாம் என்று தோன்றுகிறதா, இந்த மாதிரி. முதல் தடவை நர்ஸம்மா, "அவங்ககிட்டயே குடுங்கம்மா" என்றார். நான், "அவ பிள்ளைக்குப் பால் குடுத்துக்கிட்டிருக்கா, நீங்க கேளுங்க, நான் கேட்டுச் சொல்றேன்" என்றேன். கேட்கவில்லை. நல்லதாக இருக்கும் என்று நினைத்த பதிலைப் பத்துக்கும் சொன்னேன். மூன்று வாரமும் அப்படித்தான். எங்கள் வீட்டில் குறை என்று ஒரு தாளில் ஏறக் கூடாது என்று நினைத்தேன்.

நான் பார்த்தும் பார்க்காமல் விட்டவற்றை இனி எழுதுகிறேன். ஐந்தாம் நாளிலிருந்து அவள் தூங்கவில்லை. பன்னிரண்டாம் நாள் சாப்பாட்டுத் தட்டு திரும்பி வரும்போது விளிம்பில் ரத்தம் இருந்தது, கையைக் கழுவிக் கழுவி விரல் இடுக்கு வெடித்திருந்தது. பதினைந்தாம் நாள், "அத்தை, இந்தக் கோடு நேத்தும் இங்கதான் இருந்ததா?" என்று கேட்டாள். நான் சிரித்தேன். அன்று மத்தியானம் குழந்தை வீறிட்டு அழுதது. அவள் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டு வேலைக் குரலில், "உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியம், தயவுசெய்து வரிசையில் காத்திருங்கள்" என்று சொன்னாள். நிறுத்தாமல் சொன்னாள். குழந்தை அழுது ஓயும்வரை சொன்னாள். பழைய கேலி திரும்பி வந்துவிட்டது என்று நான் என்னையே ஏமாற்றிக்கொண்டேன்.

பதினெட்டாம் நாள் காலையில் அவள் தலையைச் சுவரில் மோத ஆரம்பித்தாள். சத்தம் கேட்டு முதலில் பக்கத்து வீட்டில் ஆணி அடிக்கிறார்கள் என்றே நினைத்தேன். மகன், "நிறுத்துடி, நிறுத்துடின்னு சொல்றேன்ல" என்று கத்தினான். அவள் சுவரில் மாட்டியிருந்த கண்ணாடியைப் பிடுங்கி எறிந்தாள், அது அவன் நெஞ்சில் பட்டு உடைந்தது. மகன் அடுப்படிக்குப் போய் ரப்பர் கையுறையை எடுத்து மாட்டிக்கொண்டு வந்தான். கோட்டின் மேல் நின்று, கையை மட்டும் நீட்டி, அவள் முடியைப் பிடித்து இழுத்து, கன்னத்தில் நான்கைந்து முறை அறைந்தான். ரப்பரால் அறையும் சத்தம் வேறு மாதிரி இருக்கும், ஈரத் துணியைக் கல்லில் அடிப்பது போல. அவள் உதடு கிழிந்தது. அதன் பிறகு அவன் கையுறையை உள்பக்கம் வெளியே வரும்படி கழற்றி மஞ்சள் பையில் போட்டான். நான், "சரியாக் கழட்டினடா" என்றேன். ஐயா, நான் பாராட்டியது கையுறையைக் கழற்றிய விதத்தை. அடித்ததைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. இது முதல் வாக்குமூலத்தில் இல்லை. அவள் உதட்டில் உள்ள பழைய தழும்பை டாக்டர் பார்த்தால் தெரியும்.

இருபத்திரண்டாம் நாள் ஸ்டூலில் சாப்பாடு வைக்கும்போது அவள் மெதுவாக, "ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்தது எல்லாத்தையும் நனைச்சீங்கல்ல அத்தை?" என்று கேட்டாள்.

"ஆமா. ஒண்ணு விடல."

"இவள நனைக்கலையே. இவளும் அங்கேர்ந்துதானே வந்தா."

"போடி, வாயப் பாரு" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனேன். பேச்சு அவ்வளவுதான். மறுநாள் நர்ஸம்மா மூன்றாவது தடவையாகக் கூப்பிட்டார், பத்துக்கும் நல்லபடியாகச் சொன்னேன்.

இருபத்து நான்காம் நாள், அதிகாலை வேலை முடித்து மத்தியானம் ஒரு மணிக்கு வீட்டுக்கு வந்தேன். மகன் வெளியே போயிருந்தான். வாசலிலேயே ப்ளீச் நெடி மூக்கில் ஏறியது. குழந்தையின் அழுகை கேட்டது, ஆனால் அது பசிக்கு அழும் அழுகை இல்லை, மூச்சுக்கு ஒரு தடவை வெட்டி வெட்டி வந்தது. நான் செருப்புக் காலோடு கோட்டைத் தாண்டி ஓடினேன். குளியலறையில் அவள் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். குழந்தை வாளிக்குள் மார்பு வரைக்கும் இருந்தது. குழந்தையின் சட்டை பக்கத்தில் நான்காக மடித்து வைக்கப்பட்டிருந்தது.

இந்த இடத்தைக் கவனமாக வாசியுங்கள். அவளுடைய இடது உள்ளங்கை குழந்தையின் தலையைத் தண்ணீருக்கு மேலே தூக்கிப் பிடித்திருந்தது. குழந்தையின் கண்ணில் தெறிக்காமல் இருக்க ஈரத் துணியை மடித்துக் கண்மேல் போட்டிருந்தாள். தண்ணீரில் விரலை விட்டுச் சூடு பார்த்துப் பார்த்து வெந்நீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். கொல்ல நினைப்பவள் கண்ணை மூடிவிடுவாளா? தலையைத் தாங்குவாளா? அவள் என் விதிப்படி ஊறப்போட்டுக்கொண்டிருந்தாள். அளவுகூட என் அளவுதான்.

என்னைப் பார்த்ததும், "அத்தை, செருப்பு! கோடு, கோடு!" என்று அலறினாள். நான் குழந்தையைப் பிடித்து இழுத்தேன். அவள் விடவில்லை. குழந்தை வழுவழுவென்று இரண்டு பேர் கையிலும் நழுவியது. நான் அவள் நெஞ்சில் முழங்காலால் உதைத்துக் குழந்தையைப் பிடுங்கிக் குழாய்க்கடியில் பிடித்தேன். அவள் துணி கிளறும் கட்டையை எடுத்து என் இடது கையில் அடித்தாள். எலும்பு முறிந்த சத்தத்தை நானே கேட்டேன். மறுபடியும் அடித்தாள், தோளில் விழுந்தது. குழந்தையைத் துணிக்கூடைக்குள் போட்டுவிட்டுத் திரும்பினேன். அவள் பாய்ந்து என் தோளைக் கடித்தாள். இரண்டு பேரும் சுவரில் மோதினோம், வாளி கவிழ்ந்தது. தண்ணீர் கண்ணில் பட்டு எரிந்தது. அவள் முடியைப் பிடித்துத் தலையைக் குழாயில் மோதி, கட்டையைப் பிடுங்கினேன். முப்பது வருடம் ஈர விரிப்பைத் தூக்கிய கை இது.

முதல் அடி, அவள் கூடையை நோக்கிப் போனபோது முதுகில் அடித்தேன். அதை யார் கேட்டாலும் சரி என்றே சொல்வேன். அதில் அவள் முழங்கால் மடங்கி உட்கார்ந்துவிட்டாள். சண்டை அங்கேயே முடிந்தது. குழந்தை என் பின்னால் இருந்தது, அவள் கையில் ஒன்றும் இல்லை, எழுந்திருக்கவும் முயலவில்லை. அண்ணாந்து என்னைப் பார்த்து, குரலை உயர்த்தாமல், "இன்னும் பத்து நிமிஷந்தான் அத்தை. நீங்கதானே அரை மணி நேரம்னு சொன்னீங்க" என்றாள்.

நான் இரண்டாவது அடியைத் தலையில் அடித்தேன். மூன்றாவது அடியும் தலையில் அடித்தேன், இடது காதுக்கு மேலே. காதிலிருந்து ரத்தம் வந்தது. அவள் வாயை மூடுவதற்காக அடித்தேன், வேறு காரணம் இல்லை. தரையில் தண்ணீர் இருந்தது உண்மை. அவள் வழுக்கி விழவில்லை.

அதன் பிறகு குழந்தையை மறுபடி குழாய்த் தண்ணீரில் நிறைய நேரம் காட்டினேன். வயிறும் தொடையும் வெந்தது போல் சிவந்திருந்தன. மேல் மாடித் தையல்காரி சத்தம் கேட்டு வந்து, வாசலில் நின்று, "ஐயோ, யாருக்கு என்னாச்சு?" என்றாள். ஆம்புலன்ஸை அவள்தான் கூப்பிட்டாள். ஆம்புலன்ஸில் வந்தவர்கள் எங்கள் மூன்று பேரையும் ஒரே வண்டியில் ஏற்றினார்கள். மகன் ஆஸ்பத்திரிக்கு வந்து, என்னைத் தனியாக அழைத்து, "நீ ஒண்ணும் பேசாதம்மா, நான் பாத்துக்கறேன். உள்ள போறதுன்னா அவ போகட்டும்" என்றான். அதன் பிறகு காவலர் வந்தார். நான் கையெழுத்துப் போட்டேன்.

இப்போது ஏன் மாற்றி எழுதுகிறேன் என்று கேட்பீர்கள். சம்பவம் நடந்து ஐந்தாம் நாள் அவள் கண் விழித்துப் பேச ஆரம்பித்தாள். மனநோய் டாக்டர் மருந்து ஆரம்பித்திருந்தார். பிள்ளை பெற்றவர்களில் சிலருக்கு இப்படி ஆகும், மருந்தில் சரியாகும், விட்டால்தான் ஆபத்து என்று எனக்கும் சொன்னார். நான் கட்டுப் போட்ட கையோடு வார்டு மூலையில் உட்கார்ந்திருந்தேன். அந்த நர்ஸம்மா நேரிலேயே வந்து, பழைய தாள்களை எடுத்து வைத்துக்கொண்டு அவளிடம் அதே பத்துக் கேள்வியைக் கேட்டார். அவளுக்கு இடது காது கேட்கவில்லை. அது ஹெட்போன் மாட்டி வேலை பார்த்த காது. வலது காதைத் திருப்பித் திருப்பிக் கேட்டு ஒவ்வொன்றுக்கும், "ஆமா" என்றாள். தூக்கம் இல்லையா, ஆமா. பயமா, ஆமா. சாக வேண்டும் என்று தோன்றியதா, ஆமா. நர்ஸம்மா பழைய தாளைப் புரட்டி, "மூணு வாரமும் எல்லாம் நல்லா இருக்குன்னு எழுதியிருக்கேனே. இதெல்லாம் யாரும்மா சொன்னது?" என்று கேட்டார்.

நான் எழுந்திருக்கவில்லை. என் மருமகள் என் பக்கம் திரும்பாமல், "நான்தான் மேடம் சொன்னேன். அத்தை கேட்டாங்க, நான்தான் நல்லா இருக்கேன்னு சொல்லச் சொன்னேன்" என்றாள்.

காலில் விலங்கு. தலையில் பதினாறு தையல். என்னைக் காப்பாற்றப் பொய் சொல்கிறாள். நர்ஸம்மா அதையும் எழுதிக்கொண்டு போனார். நான் எழுந்து வெளியே வந்து, சலவைக் கூடத்தில் ஒரு நாள் முழுக்கச் சும்மா நின்றேன். மறுநாள் தாள் வாங்கினேன்.

நர்ஸம்மாவின் தாளில் உள்ள மூன்று வாரப் பதிலும் என்னுடையது. அவள் ஒரு கேள்வியைக்கூடக் காதால் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் ஒருவருக்கும் அந்த நோய் வரவில்லை என்று தெருவில் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். வந்திருந்த நோய்க்கு நான் சாப்பாடு வைத்துக்கொண்டிருந்தேன்.

குழந்தை தேறிவிட்டது. கண்ணுக்கு ஒன்றும் இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார், அது தாய் மடித்துப் போட்ட துணியால். இன்னும் பெயர் வைக்கவில்லை, பெயரை அவள் வைக்கட்டும். சம்பந்தியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் அனுமதிச் சீட்டு வாங்கிக் கிளம்பிவிட்டார், வந்து என் முகத்தில் காறித் துப்பினால் துடைத்துக்கொள்வேன். என் மகனுடைய மனுவை ஏற்க வேண்டாம். அவனிடம் கையுறையைப் பற்றிக் கேளுங்கள். மருமகள் காலில் உள்ள விலங்கைக் கழற்றிவிட்டு அவளை நோயாளி என்று எழுதுங்கள். விலங்கு யாருக்காவது போட்டே ஆக வேண்டும் என்றால் நான் காலை ஐந்து முதல் பன்னிரண்டு வரை சலவைக் கூடத்தில், அழுக்குப் பக்கத்தில் இருப்பேன்.

இதில் உள்ளது எல்லாம் என் கண் பார்த்தது, என் கை செய்தது. ஒருவரும் மிரட்டவில்லை, ஒருவரும் சொல்லிக்கொடுக்கவில்லை. இந்த முறை இரண்டு தடவை வாசித்துப் பார்த்தேன். ஐந்தாம் பக்கத்தில் ஓர் அடித்தல் இருக்கிறது. "தலையில் பட்டது" என்று முதலில் எழுதியிருந்தேன். அதை வெட்டிவிட்டு "தலையில் அடித்தேன்" என்று எழுதியிருக்கிறேன். அந்தத் திருத்தம் என்னுடையதுதான், பக்கத்தில் சுருக்கொப்பமும் போட்டிருக்கிறேன்.

(கையெழுத்து)
சலவைக் கூட மேற்பார்வையாளர்,
குழந்தையின் அப்பாவைப் பெற்றவள்.